வாலில் ஒரு பெயர், வானொலியில் ஒரு பெயர்: பிற விமானங்களை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிமலை உச்சியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்ப்பவருக்கு வாலில் தீட்டியுள்ள வண்ணமே விமானத்தின் பெயர். ஆனால் விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொள்ளும் வானொலியில் அந்த விமானம் வேறொரு பெயரில், அதாவது தன் ‘அழைப்புப் பெயரில்’ அழைக்கப்படலாம். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவதே விமானம் ஓட்டப் பழகும் மாணவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு.

லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் அழைப்புப் பெயர் ‘ஸ்பீட்பேர்ட்’. அந்நிறுவனத்தின் முன்னோடியான இம்பீரியல் ஏர்வேஸுக்காக 1932இல் வரையப்பட்ட பறவைச் சின்னத்தின் பெயர் இன்றும் வானொலியில் வாழ்கிறது. இண்டிகோவின் அழைப்புப் பெயர் ‘ஐஃபிளை’. தைவானின் சைனா ஏர்லைன்ஸ் ‘டைனஸ்டி’ என்று அழைக்கப்பட, ‘ஏர் சைனா’ என்ற அழைப்புப் பெயர் பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்துக்கு உரியது. இவற்றை முன்பே படித்து வைத்திராத மாணவர், ‘ஸ்பீட்பேர்ட்’ என்று காதில் விழுந்ததும் அந்தச் சொல்லை விமானத்தின் உடலில் தேடிக்கொண்டிருப்பார்.

வண்ணத்தையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்த பிறகும், விஸ்தாராவின் ஊதா வண்ணத்திலேயே பறந்த விமானங்கள் ‘ஏர் இந்தியா’ என்ற அழைப்புப் பெயருக்குப் பதில் அளித்தன. ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமான நிறுவனக் கூட்டணிகளின் பொது வண்ணம் பூசிய விமானங்களில் நிறுவனத்தின் பெயர் சிறிதாகவே இருக்கும். இரவிலோ வண்ணமே தெரியாது. இடது இறக்கை முனையில் சிவப்பு, வலது முனையில் பச்சை, பின்புறம் வெள்ளை என்ற விளக்குகளைக் கொண்டு, அது செல்லும் திசையை மட்டுமே ஊகிக்க முடியும்.

அழைப்புப் பெயரிலிருந்து விமானத்தின் வகையை ஊகிப்பதும் பிழையே. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் செல்லும் இண்டிகோவின் ஏடிஆர் 72, விசிறி பொருத்திய, இறக்கை மேலே அமைந்த சிறிய விமானம். அதற்கும் ‘ஐஃபிளை’தான், டெல்லிக்குச் செல்லும் பெரிய ஜெட் விமானமான ஏர்பஸ் ஏ321க்கும் ‘ஐஃபிளை’தான். முன்னால் இறங்குவது இவற்றுள் எது என்று தெரியாமல் பின்னால் வருபவர் இடைவெளியைக் கணிக்க முடியாது. இதனால்தான் சர்வதேச நடைமுறையில் தரையில் வழிவிடச் சொல்லும்போதும், வானில் பிற விமானத்தைச் சுட்டும்போதும், விமானத்தின் வகை, இருக்கும் இடம், செல்லும் திசை ஆகியவை விவரிக்கப்படுகின்றன. கடிகார முள்ளின் நிலை (விமானத்தின் மூக்கைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு சொல்லும் திசை), தூரம், உயரம் ஆகிய அனைத்தும் பொருந்திய பின்னரே விமானி ‘பார்த்துவிட்டேன்’ என்று கட்டுப்பாட்டாளரிடம் சொல்ல வேண்டும்.

அவசரப்பட்டு ‘பார்த்துவிட்டேன்’ என்று சொல்வதைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். அந்தச் சொல் வந்தவுடன், இடைவெளியைக் காக்கும் பொறுப்பு விமானியிடம் வந்துவிடக்கூடும். 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில் இறங்க வந்த பிஎஸ்ஏ (பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்) நிறுவனத்தின் போயிங் 727, ஒரு சிறிய செஸ்னா 172 மீது மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தனர். போயிங் விமானிகள் செஸ்னாவைப் பார்த்துவிட்டதாக முதலில் தெரிவித்திருந்தனர். பின்னர் அது பார்வையிலிருந்து மறைந்ததை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அதைக் கடந்துவிட்டோமா என்று விமானி அறைக்குள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதுடன் நின்றுவிட்டது. எங்கள் மாணவர்களிடம் இந்த விபத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறேன். பேசும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

விமானம் கண்ணில் படவில்லையென்றால் ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்றோ ‘காணவில்லை’ என்றோ சொல்வதற்கு முறையான வானொலிச் சொற்கள் உண்டு. அவற்றைச் சொல்வது எவ்வகையிலும் இழுக்கன்று. இரண்டு விமானங்கள் தெரிந்து, எதைச் சொல்கிறார்கள் என்ற ஐயம் எழுந்தால், “எனக்கு வலப்புறம், ஏடிஆர், தெற்கு நோக்கிச் செல்வதா?” என்று தாம் காண்பதை விவரித்துக் கேட்க வேண்டும். ஒரு முறை கண்டது மேகத்திலோ நகர விளக்குகளிலோ மறைந்துவிட்டால், மீண்டும் தென்படும் என்று காத்திராமல் அந்த நொடியே கோபுரத்திடம் சொல்லிவிட வேண்டும்.