மேப்பிள் வால்நட் ஃபட்ஜ்: அடுப்பை அணைத்த பிறகுதான் வேலையே

மேப்பிள் ஃபட்ஜ் என்பது மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிய சிரப்பும் க்ரீமும் சேர்த்துச் செய்யும் மென்மையான இனிப்பு. அதைச் செய்ய இறங்குகிறவர்கள் பயப்படுவதெல்லாம் அடுப்பில் இருக்கும் நேரத்துக்குத்தான். பொங்கி வழியுமோ, அடி பிடிக்குமோ, பதம் தப்பிவிடுமோ என்று. அதெல்லாம் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் ஃபட்ஜ் கெடுவது பெரும்பாலும் அடுப்பை அணைத்த பிறகு. இறக்கிய பாகைத் தொடாமல் ஆறவிட வேண்டும், சரியான சூட்டுக்கு வந்தபிறகுதான் அடிக்கத் தொடங்க வேண்டும், இந்த இரண்டும் கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண சமையல். நான் முதல் தடவை செய்தபோது இறக்கிய சூட்டோடு கரண்டியைப் போட்டு அடிக்கத் தொடங்கிவிட்டேன். கெட்டியானது, அழகாகத் துண்டும் போட முடிந்தது, ஆனால் வாயில் போட்டால் மணலைக் கடித்த மாதிரி நறநறவென்றிருந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஃபட்ஜ் என்பது கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைப் படிகங்கள் ஏராளமாகப் பாகுக்குள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பண்டம். படிகம் நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் வழவழப்பு, பெரிதாக வளர்ந்துவிட்டால் சொரசொரப்பு. கொதிக்கிற சூட்டில் கிளறினால் கொஞ்சம் படிகங்கள்தான் முதலில் தோன்றும், பாகு ஆறுகிற நேரமெல்லாம் அவை வளர்ந்துகொண்டே போகும். அதையே அசைக்காமல் ஆறவிட்டால், கரைந்த சர்க்கரை வெளியே வர வழியில்லாமல் பாகுக்குள் திணறிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து அடித்தால் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் குட்டிக் குட்டியாகப் படிகம் தோன்றும், எதற்கும் பெரிதாக இடமிருக்காது. மேப்பிள் சிரப்பில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் டீயில் போடுகிற அதே சர்க்கரைதான். அதனால்தான் இது இவ்வளவு எளிதாகப் படிகமாகிறது.

சிரப்பைப் பற்றி ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பான்கேக் சிரப் என்று விற்பது வேறு, மேப்பிள் சிரப் வேறு. முன்னது பெரும்பாலும் கார்ன் சிரப்பில், அதாவது சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகில், வாசனை சேர்த்தது, அதை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இந்த ஃபட்ஜ் வராது. பாட்டிலைத் திருப்பி, சேர்மானத்தில் மேப்பிள் சிரப் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சிரப் விலை அதிகம்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. குளிர்காலம் முடிகிற சமயத்தில், இரவில் உறைபனியும் பகலில் லேசான வெயிலுமாக இருக்கும் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் இறங்கும். அந்த நீரில் இனிப்பு சுமார் 2 சதவீதம்தான், ஏறக்குறைய 40 லிட்டர் நீரைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப். உலகத்தில் கிடைக்கும் சிரப்பில் பெரும்பங்கு கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே இதே ஃபட்ஜுக்கு நெருங்கிய உறவான ஓர் இனிப்பை 'சூக்ரே ஆ லா கிரெம்' என்று சொல்வார்கள்.

சிரப்பை நிறத்தை வைத்து கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று பிரிக்கிறார்கள். கோல்டன் பார்க்க அழகு, ஆனால் க்ரீமும் வெண்ணெயும் சேர்ந்தபிறகு அதன் வாசனை எங்கோ அமுங்கிப் போகும். எனக்கு டார்க்தான் பிடிக்கும், அதில்தான் அந்தக் கருகலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆழமான மணம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஆம்பரும் நன்றாகவே வரும்.

அளவுகள் இவை: மேப்பிள் சிரப் 480 மில்லி, ஹெவி க்ரீம் 180 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், கார்ன் சிரப் 1 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வால்நட் 120 கிராம். கார்ன் சிரப்பில் உள்ள குளுக்கோஸ், சுக்ரோஸ் ஒன்றோடொன்று வரிசை சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. டார்க் சிரப்பில் அந்த வேலையைச் செய்யும் எளிய சர்க்கரைகள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், கை பழகிய பிறகு கார்ன் சிரப்பை விட்டுவிடலாம். வெனிலா வேண்டாம், நிறைய பேர் சேர்க்கிறார்கள், ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேப்பிள் மணத்தின் மேல் ஏன் இன்னொரு மணத்தைப் போட வேண்டும். க்ரீமில் மட்டும் கொழுப்பு 35 சதவீதமாவது இருக்கட்டும், குறைந்தால் நீண்ட கொதியில் திரிந்துபோகலாம்.

முதலில் வால்நட்டை ஓவனில் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 நிமிடம் வறுத்துவிடுங்கள், ஓவன் இல்லையென்றால் வாணலியில் சிறு தீயில் மணம் வரும்வரை புரட்டினால் போதும். வறுக்காத வால்நட்டின் தோலில் ஒரு கசப்பு இருக்கும், வறுத்ததும் சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்தால் பாதித் தோல் உதிர்ந்துவிடும். கையால் உடைத்தால் போதும், பொடியாக நறுக்க வேண்டாம். வால்நட் போலவே இருக்கும் பெக்கான் கொட்டை போட்டாலும் நன்றாக இருக்கும், கசப்பு இல்லை, ஆனால் அந்தக் கசப்பு இனிப்பை அடக்குவதுதான் எனக்குப் பிடித்தது. சுமார் 23க்கு 13 சென்டிமீட்டர் லோஃப் பாத்திரத்தில் (பிரெட் சுடும் நீளப் பாத்திரம்) பட்டர் பேப்பரை ஓரம் வெளியே தெரியும்படி விரித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

அடுப்பில் வைக்கும் பாத்திரம் அடிகனமாகவும், குறைந்தது 3 லிட்டர் கொள்ளுவதாகவும் இருக்கட்டும், பார்க்கும்போது அநியாயத்துக்குப் பெரிதாகத் தோன்றும், ஆனால் க்ரீம் கலந்த சிரப் கொதிக்கும்போது மூன்று மடங்கு எழும்பும். சிரப், க்ரீம், கார்ன் சிரப், உப்பு நான்கையும் ஊற்றி மிதமான தீயில் கொதி வரும்வரை கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்து ஒட்டியிருப்பதை, தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் ஒருமுறை சுற்றித் துடைத்துவிடுங்கள். அங்கே காய்ந்துபோன ஒரு துளி உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே மற்றதும் படிகமாகிவிடும்.

பதம் 114 டிகிரி செல்சியஸ். ஆனால் உங்கள் தெர்மாமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்து அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அந்த எண்ணோடு 14 கூட்டினால் அதுதான் உங்கள் பதம். தெர்மாமீட்டரில் குறை இருந்தாலும், நீங்கள் உயரமான இடத்தில் இருந்தாலும், இந்தக் கணக்கு இரண்டையும் சரிசெய்துவிடும், ஏனென்றால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு துளி பாகு விட்டுப் பாருங்கள்: கரையாமல் அடியில் சேர்ந்து, விரலால் திரட்டினால் உருண்டையாகி, வெளியே எடுத்ததும் விரல் நுனியில் தன் பாரத்தில் தானே தட்டையாக வேண்டும். உருண்டையாகவே நின்றால் தாண்டிவிட்டது. சோதிக்கிற நேரமெல்லாம் பாத்திரத்தைத் தீயிலிருந்து இறக்கி வையுங்கள். இந்தச் சூட்டில் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். கடைசி 2 டிகிரி திடீரென்று ஏறிவிடும் என்பதால் அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

இறக்கியதும் வெண்ணெயைத் துண்டுகளாக மேலே போட்டுவிட்டு, கலக்காமல், பாத்திரத்தை ஆடாத இடத்தில் வையுங்கள். தெர்மாமீட்டரை உள்ளேயே விட்டுவிடலாம், அடிக்கடி எடுத்து எடுத்து வைப்பதுகூடக் கிளறுவதுதான். 45 டிகிரிக்கு இறங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக, சுடாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஐஸ் தண்ணீரில் வைத்தால் ஓரம் இறுகி நடு சூடாகவே இருக்கும், வேண்டாம்.

அப்புறம் மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கிற மாதிரியே தெரியாது, கண்ணாடி போலப் பளபளவென்று, கரண்டியைத் தூக்கினால் நாடாவாக இறங்கிக்கொண்டிருக்கும். கை வலிக்கும், நிறுத்தாதீர்கள். மெல்ல மெல்ல நிறம் ஒரு சாயல் வெளுக்கும், கரண்டி இழுத்த தடம் உடனே மூடாமல் ஒரு நொடி நிற்கும், அடிக்கிற சத்தம்கூட மாறும். மினுமினுப்பு மங்குகிற அந்த நேரத்தில்தான் வால்நட்டைக் கொட்டி, நாலே சுற்று சுற்றி, உடனே பேப்பர் விரித்த பாத்திரத்தில் தள்ள வேண்டும். முழுக்க மங்கும்வரை காத்திருந்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். வால்நட் அறைச் சூட்டில் இருக்கட்டும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டால் பட்டதும் கட்டியாகும்.

தப்பிப்போனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடிக்கிறபோதே இறுகிவிட்டால் சூடான க்ரீம் ஒரு ஸ்பூன் விட்டு மசித்து அடியுங்கள், இளகி வரும். நறநறப்பாக வந்தாலோ, மறுநாள்வரை இறுகாமல் கொழகொழவென்று நின்றாலோ, அரை கப் தண்ணீர் சேர்த்து, முழுக்கக் கரையும்வரை சிறு தீயில் சூடாக்கி, திரும்ப அதே பதத்துக்குக் காய்ச்சி ஆறவிட்டு அடிக்கலாம். வால்நட் சேர்ந்த பிறகு என்றால் கரைந்ததும் வடிகட்டி எடுத்துவிட வேண்டும், புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பேப்பரோடு தூக்கி, கனமான கத்தியால் நேராக அழுத்தி 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள், ரம்பம் போல இழுத்தால் வால்நட் பக்கத்தில் பிளக்கும். காற்றுப்புகாத டப்பாவில் அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் வெளியிலேயே ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்ந்துபோகும். நாளாகும் என்றால் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சாப்பிடுகிற அன்று டப்பாவைத் திறக்காமல் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள், இல்லையென்றால் மேலே வியர்த்து ஒட்டும்.