மீன் தொட்டியை விட்டுத் துள்ளும் மீன்: காரணத்தைக் கண்டறிந்து தடுப்பது எப்படி

காலையில் தொட்டியில் ஒரு மீன் குறைந்தால், முதலில் செடிகளுக்கு இடையிலும் கற்களுக்குப் பின்னாலும் தேடுவோம். தரையைப் பார்ப்பது கடைசியில்தான். எங்கள் வீட்டில் ‘மிஸ் கேரளா’ மீன் ஒன்று காணாமல் போனபோது, அதைக் காட்டிக்கொடுத்தது எறும்புச் சாரை. ஃபில்டர் குழாயும் மின்வயரும் உள்ளே செல்வதற்காக மூடியின் பின்மூலையில் நான் விட்டிருந்த இரண்டு விரல் அகல இடைவெளிக்கு நேர் கீழே, செருப்பு அலமாரிக்குப் பின்னால், அது சருகு போல விறைத்துக் கிடந்தது. அன்றே அந்த இடைவெளியை ஸ்பாஞ்சு வைத்து அடைத்தேன். ஆனால் அடுத்த நாள் விடியற்காலையில் மற்ற மீன்கள் கண்ணாடி மூடியில் ‘டொக், டொக்’ என்று முட்டும் ஓசை கேட்டது. மூடியால் மீன் வெளியே விழாமல் தடுக்க முடிந்ததே தவிர, அது துள்ளுவதற்கான காரணம் தொட்டிக்குள் அப்படியேதான் இருந்தது.

ஆகவே, மீன் துள்ளினால் எந்த மீன் துள்ளியது, எந்த நேரத்தில் துள்ளியது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காரணங்கள் இந்த இரண்டிலேயே பிடிபட்டுவிடும்.

சில மீன்களுக்குத் துள்ளுவது இயல்பு; அதில் தொட்டியின் குறை எதுவும் இல்லை. அமேசானின் வெள்ளக்காடுகளில் வாழும் சில்வர் அரவானா, நீருக்கு மேல் தாழ்ந்திருக்கும் கிளைகளிலுள்ள பூச்சிகளை எகிறிப் பிடித்து உண்ணும் மீன். வரவேற்பறையில் வைத்துவிட்டதால் அந்தப் பழக்கம் போய்விடாது. ஹேட்செட் மீன், கில்லி மீன் ஆகியவையும் மேல்மட்டத்தில் வாழ்ந்து எளிதில் எகிறுபவை. விரால் வகைகளும் பனையேறிக் கெண்டையும் ஈரமிருந்தால் தரையிலேயே நகர்ந்து வேறு நீர்நிலை தேடக்கூடியவை. 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தின் ஈரமான பிளவிலிருந்து பனையேறிக் கெண்டை ஒன்றைப் பிடித்ததாக எழுதிவைத்தார். அது உண்மையிலேயே மரமேறியதா என்பது வேறு விவாதம். மூடியில்லாத தொட்டியில் அதை வைக்கக் கூடாது என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

கப்பி மீன் இன்னும் வியப்பானது. டாஃப்னி சோரெஸ் என்ற ஆய்வாளரின் கப்பி ஒன்று தொட்டியிலிருந்து துள்ளி அவருடைய தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. நல்லவேளையாக அது சூடான தேநீர் அல்ல. அதன் பிறகு அவர் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. கப்பிகள் அச்சத்தால் மட்டும் துள்ளுவதில்லை என்பதும், மார்புத் துடுப்புகளால் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து, ஆயத்தம் செய்துகொண்டு, பின்பு எகிறுகின்றன என்பதும் அதில் தெரிந்தன. ஆகவே ‘சின்ன மீன்தானே’ என்று மூடியைத் தவிர்க்க வேண்டாம்.

இயல்பாகத் துள்ளாத மீன் துள்ளினால் நேரத்தைக் கவனியுங்கள். புதிதாக வாங்கிவந்த முதல் இரண்டு மூன்று இரவுகளில் துள்ளினால், பெரும்பாலும் அது மிரட்சியே. விளக்கைப் போட்டவுடனோ கண்ணாடியைத் தட்டியவுடனோ துள்ளுவதும் அவ்வாறே. மீனின் பின்மூளையில் உள்ள மௌத்னர் செல்கள் எனப்படும் ஒரு ஜோடிப் பெரிய நரம்பணுக்கள், ஆபத்தை உணர்ந்ததும் உடலை வில்லாக வளைத்துக் கணப்பொழுதில் பாயச் செய்கின்றன. ஆற்றில் அந்தப் பாய்ச்சல் மீனைக் காப்பாற்றும். இரண்டடித் தொட்டியில் அதுவே அதை விளிம்புக்கு அப்பால் எறிந்துவிடும். புது மீனை விட்ட அன்று தொட்டி விளக்கை அணைத்தே வையுங்கள். மற்ற நாட்களில் முதலில் அறை விளக்கையும், சில நிமிடங்கள் கழித்துத் தொட்டி விளக்கையும் போடுங்கள்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் துள்ளினால் புதிய தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய் நீரிலும் லாரி நீரிலும் உள்ள குளோரின் செவுள்களை எரிக்கும். குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பின்பே ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்று நம்பி நேராக ஊற்றுபவர்கள் உண்டு. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதை ஒரு டிரம்மில் பிடித்து, ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பயன்படுத்துவதே நல்லது. தொட்டி வைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தால், மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். அவற்றை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவைக் குறைத்து, நாள்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

விடியற்காலையில் துள்ளினால் ஆக்சிஜன் குறைவு என்று கொள்ளலாம். எங்கள் வீட்டுக் குற்றவாளியும் அதுவே. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் செடிகள் இரவில் மீன்களோடு சேர்ந்து அதை உட்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்பு நீரில் அது மிகவும் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் நீரில் வாழ்ந்து பழகிய மிஸ் கேரளாவுக்கு அது போதாது. தூக்கம் கெடுகிறது என்று இரவில் நான் ஏர் பம்பை நிறுத்திவந்தேன். நிறுத்துவதை விட்ட நாளிலிருந்து மூடியில் முட்டும் ஓசை நின்றுவிட்டது. மின்வெட்டு மிகுந்த ஊரென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கிவைப்பது நல்லது.

எப்போதும் ஒரே மீன் துள்ளி, அதன் வாலும் கிழிந்திருந்தால், அதை வேறொரு மீன் விரட்டுகிறது. அந்த இரண்டையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி மூடிக்கு வருவோம். தொட்டி செய்பவர்கள் உணவு போடுவதற்காகக் கண்ணாடி மூடியின் ஒரு மூலையை வெட்டிக் கொடுப்பது வழக்கம். மீன் போவது அந்த மூலை வழியாகத்தான். அதற்குச் சிறு கண்ணாடித் துண்டையோ, குழாய்க்கு ஏற்ப வெட்டிய ஸ்பாஞ்சையோ வையுங்கள். திறந்த தொட்டிதான் அழகு என்பவர்கள், ஜன்னல் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் தடைபடாது. அரவானாவுக்கு வெறும் கண்ணாடி போதாது, முட்டித் தள்ளிவிடும். மேலே பாரமோ கிளிப்போ வேண்டும். ஃபைட்டர், கௌராமி ஆகியவை மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்கள் என்பதால், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே நான்கைந்து செ.மீ. இடைவெளி கட்டாயம் தேவை. சால்வினியா போன்ற மிதக்கும் செடிகள் கூச்சமுள்ள மீன்களை அமைதிப்படுத்தும்; ஆனால் மேற்பரப்பு முழுவதையும் அவை மூடிவிடாமல் அவ்வப்போது அள்ளி எடுக்க வேண்டும்.

தரையில் மீனைக் கண்டால், செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். நீரை விட்டு வெளியே வந்ததும் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் மூச்சு முட்டுகிறது. ஈரம் மிச்சமிருந்தால் சில மீன்கள் பிழைத்துக்கொள்ளும். கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியைத் துணியால் துடைத்தால் மீனின் மேல் உள்ள வழுவழுப்புப் படலம் உரிந்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் மெல்ல அலசினால் போதும். பிறகு அதே தண்ணீர் நிரப்பிய தனி டப்பாவில் விட்டு, ஏர் ஸ்டோனை (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக்கும் கல்) அருகில் வைத்து, செவுள் மூடி அசைகிறதா என்று பாருங்கள். பிழைத்துவிட்டால், லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்து, டப்பாவையும் மூடிவையுங்கள். செதில் உதிர்ந்த இடங்களில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சை தென்படுகிறதா என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, பழைய தொட்டியின் விளக்கை அணைத்த பிறகு அதைத் திரும்ப விடுங்கள்.