ஆற்றங்கரைச் சுவரில் வரையப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

களனி கங்கையைப் பற்றிச் சுவரோவியம் வரைய வேண்டும் என்று மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டிப் பக்கம் இளைஞர் குழுக்கள் கிளம்புவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர். அதன் கரையில் வாழ்கிறவர்களே அதை வரைவது நல்ல வேலை. ஆனால் எங்கள் காலத்தில் நடந்த பிழைகளே வரிசை மாறாமல் திரும்ப நடக்கின்றன. கோடு கோணுவது, அளவு பிசகுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. கை பழகப் பழக அவை சரியாகிவிடும்.

ஜூன் 5 திறப்பு விழா

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். அனுசரணை தருகிறவர்களுக்கு அன்றைக்கே ரிப்பன் வெட்ட வேண்டும். அதனால் மே கடைசியில் அவசர அவசரமாக வேலை நடக்கும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் நேரமும் அதுவே. களனி பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மே மாதமே போதும்: கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் தண்ணீருக்குள் கிடந்தன.

ஈரம் குடித்த செங்கல் சுவர் வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஊறியே இருக்கும். அதன்மேல் எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. தண்ணீரில் கரைந்த உப்பு மேற்பரப்புக்கு வந்து, பெயின்டுக்குப் பின்னால் படிகமாகி, அதைத் தள்ளிவிடும். வெல்லம்பிட்டியில் ஒரு மதிலில் மீன்கொத்தியின் வயிறு முழுக்கக் கொப்புளித்திருந்தது. விரலால் தொட்டேன். ஒரே தகடாகக் கழன்று கையோடு வந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று மாவு போல உப்பு. பிள்ளைகள் இரவு பகலாக வரைந்தது, திறந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, இந்தச் செவரு காயவே காயாது. வெள்ளம் வந்தா இடுப்பளவு தண்ணி நிக்கும்" என்றார். வரைவதற்கு முன்னால் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் துளி கோத்திருந்தால் சுவர் தயாரில்லை. உப்புப் பூத்திருந்தால் உலர் பிரஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே இறங்கும். அப்புறம் மேசன் பாஸ் ஒருவரிடம் சுவரைக் காட்டி, பூச்சு தாங்குமா என்று கேளுங்கள். வெள்ளம் நின்ற சுவர் என்றால் மாதக்கணக்கில் பொறுக்கத்தான் வேண்டும். கொழும்பில் மழை குறைந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. விழாதான் வேண்டுமென்றால் மார்ச் 22 உலக நீர் தினம் இருக்கிறது. அனுசரணையாளரிடம் முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால் அந்தக் காசை விட்டுவிடலாம், நட்டமில்லை.

எங்கேயோ உள்ள ஆறு

இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்துப் பளிங்கு நீலத்தில் ஆறு, அதில் ஜப்பானியக் கொய் மீன். மழைக்குப் பிறகு களனி செம்மண் கலந்த பழுப்பு நிறம். அந்தப் பழுப்பில் அழகாக வரைய முடியும், முயன்று பாருங்கள். மீனுக்கும் பஞ்சமில்லை: இலங்கைக்கே உரிய லே தித்தயா, புலத் ஹபயா இரண்டும் இந்த ஆற்றுப்படுகையில் உண்டு. ஆனால் அவை நிழல் விழும் காட்டு ஓடைகளில் வாழ்பவை. அவற்றை முகத்துவாரத்துக் கண்டல் வேர்களுக்கு நடுவில் நீந்தவிடாதீர்கள். ஊதாப் பூவுக்காக ஆகாயத்தாமரையை வரைகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெளியிலிருந்து வந்த களை. 1909இலேயே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட வேண்டியிருந்தது.

விகாரையோடு முடியும் மரபு

களனி விகாரை வேண்டும், அங்குள்ள விபீஷணன் சந்நிதியும் வேண்டும். ஆனால் ஆற்றில் உழைத்தவர்கள் எங்கே? 1804இல் முடிந்த ஹமில்டன் கால்வாய் வழியே நீர்கொழும்புப் பக்கம் போன பாரப்படகுகள், 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்த படகுப் பாலம், மூழ்கி மணல் அள்ளியவர்கள். கிராண்ட்பாஸ் பெரியவர்களோடு ஒரு பிளேன்டீ குடித்தால், யாரை வரைவது என்று அவர்களே சொல்வார்கள். கோடு போட்டு முடித்துவிட்டு, நிறம் தீட்ட மட்டும் ஊர் மக்களைக் கூப்பிடாதீர்கள்.

வாய்மொழி அனுமதி

எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ் வரிகள்

தமிழ் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் சுவரில் ஏற்றாதீர்கள்.

கால்வாயில் தூரிகை கழுவுவது

கூடவே கூடாது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது ஆற்றில்.

திறப்பு விழாவோடு கைகழுவுவது

எல்லாப் பெயின்டையும் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் எடுத்து, மூடி இறுக்கி, நிற இலக்கத்தை டப்பாவில் எழுதி, சுவருக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் போய்ச் சுவரின் அடிப்பாகத்தை முதலில் பாருங்கள்.