மே மாதத்தில் வடசென்னைக் கல்லூரி விடுதிக்கு வருகிறவர்களுக்கு

கோலாலம்பூரோ டொராண்டோவோ, எங்கிருந்து வந்தாலும் சரி. கோடை வகுப்புக்காக வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தங்க வருகிறவர்களை முதல் வாரம் படுத்தி எடுப்பது ஒன்றுதான்: மே மாதத்தில் கல்லூரிக்கே லீவு. மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆபீசில் மிச்சமிருக்கும் நாலு பேரும் புது அட்மிஷன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். மெஸ் மாஸ்டர் சொந்த ஊரில் இருப்பார்.

விமான நிலையத்திலிருந்து வருவது சுலபம். விம்கோ நகர் போகும் நீலத் தட மெட்ரோ ரயிலில் ஏறினால் வண்ணாரப்பேட்டை வரை மாறவே வேண்டாம். விம்கோ நகர் வரை இந்தத் தடம் நீண்டது 2021 பிப்ரவரியில். ஆனால் வண்ணாரப்பேட்டை வேறு, புது வண்ணாரப்பேட்டை வேறு. நடுவில் இரண்டு ஸ்டேஷன். தியாகராயா கல்லூரிப் பக்கம் ஆட்டோவில் வந்தால் 'தியாகராயா காலேஜ், பழைய வண்ணாரப்பேட்டை' என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறும் 'தியாகராயா' என்றால் வண்டி தியாகராய நகருக்கு, அதாவது தி.நகருக்குத் திரும்பிவிடும். இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ கிடையாது. வார்டன் இருக்கும் பகல் நேரத்தில் வந்து சேர்வதே நல்லது.

அறையில் கட்டிலும் மின்விசிறியும் இருக்கும். மெத்தை இருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாய், பெட்ஷீட், பூட்டு, 20 லிட்டர் பக்கெட் இரண்டு, மக் ஒன்று எல்லாம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். சுமந்து வராதீர்கள்.

பக்கெட் ஏன் இரண்டு? மொட்டைமாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் பகல் 12 மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், மாலை வரைக்கும். வாட்ச்மேன் அண்ணன் காலையிலும் சாயங்காலமும் மோட்டார் போட்டு சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) ஏற்றுவார். நடுவில் தொட்டி காலியானால் அடுத்த மோட்டார் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் காலையில் மோட்டார் ஓடும்போதே இரண்டு பக்கெட்டையும் நிரப்பி மூடி வையுங்கள். மூடாமல் விட்டால் கொசு முட்டையிடும். கடலோரம் என்பதால் போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்) பல தெருக்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி நார் மாதிரி ஆகிவிடும். தலைக்குக் குளிக்கும்போது கடைசி இரண்டு மக் மட்டும் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) ஊற்றுங்கள். ஒரு பக்கெட் போர், ஒரு பக்கெட் மெட்ரோ என்று பிரித்து வைப்பது இதற்காகத்தான். குடிக்கக் கேன் தண்ணீர். வாங்கும்போது மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரம் 230 வோல்ட். லேப்டாப், போன் சார்ஜரில் '100-240' என்று போட்டிருந்தால் பயமில்லை. கனடா, அமெரிக்காவிலிருந்து வரும் ஹேர் டிரையர் செருகிய நொடியே புகையும். மலேசியா, சிங்கப்பூர் பிளக் இங்கே நுழையாது. தெருமுனை எலக்ட்ரிக் கடையில் அடாப்டர் கேளுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், ஏசி ஓடாது.

எல்லாவற்றையும் விடப் பொறுமையைச் சோதிப்பது ஆபீஸ்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அவர்களாகச் செய்துவிடுவார்கள் என்று விட்டுவிடாதீர்கள், வந்த அன்றே கேளுங்கள். பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸ் ஐந்து செட், போட்டோ பத்து கையில் இருக்கட்டும். 'சார் லீவு, அப்பால வா' என்றால் விரட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'அப்பால' என்றால் அப்புறம். 'வா, போ' என்பதும் இங்கே மரியாதைக் குறைவு இல்லை. 'எப்போ வரணும்ணா?' என்று கேட்டு நாளையும் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மனுவையும் இரண்டு பிரதியாகக் கொடுத்து ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். அடுத்த வாரம் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவரிடம் அந்தச் சீல்தான் பேசும்.

சிம் கார்டில் ஒரு சிக்கல் உண்டு. வைஃபைக்கு ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு இந்திய எண் வேண்டும், சிம் வாங்கப் போனால் உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணைக் கேட்பார்கள். சித்தப்பாவோ வார்டனோ, யாருடைய எண் என்று வருவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். சிம் வேலை செய்யும் வரை கையில் சில்லறை வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை கிடைக்காது.

மெஸ் மூடியிருந்தால் 'நாஸ்டா (காலை டிபன்) எங்க கிடைக்கும்?' என்று வாட்ச்மேனிடம் கேட்டாலே இட்லிக்கடை வரை கையைக் காட்டிவிடுவார். காலையில் தள்ளுவண்டிக் கேப்பங்கூழ் வெயிலுக்கு நல்லது. சாயங்காலம் பீச் ரயில்வே ஸ்டேஷன் எதிரே பர்மாக்காரர்களின் அத்தோ என்ற நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப். முதல் வாரம் ஜூசில் ஐஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஐஸ் வயிற்றைக் கெடுக்கலாம். அப்படியும் கெட்டுப்போனால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பெரிய பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அதையே ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் வயிற்றுப்போக்கு அதிகமாகும். நிற்கவில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, ஆம்புலன்சுக்கு 108.