சர்வீஸ் சென்டரில் ஸ்பேர்ஸ் விலை: டீலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரன்டி முடிந்த கையோடு வாடிக்கையாளர் வெளி மெக்கானிக்கிடம் போய்விடுகிறார் என்பது கார் டீலர் சர்வீஸ் மேனேஜர்களின் நிரந்தரப் புலம்பல். அவரைப் பெரும்பாலும் விரட்டுவது கிளட்ச் செட்டின் விலை அல்ல. கிளட்ச் என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பிரேக் பேட், பேட்டரி ஆகியவற்றின் விலை தெரியும். தெரியாவிட்டாலும் போனில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இதற்குத் தீர்வாக முதலில் கையில் எடுப்பது 'எல்லா ஸ்பேர்ஸுக்கும் 10% தள்ளுபடி' என்ற பேனர். அதுதான் பெரிய தவறு. அமெரிக்காவில் டீலர்கள் ஃபில்டரில் விட்டதை, யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத பாகத்தைப் பட்டியல் விலைக்கு மேல் விற்று எடுத்துக்கொள்ள முடியும். நம் ஊரில் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். இங்கே ஒரு பாகத்தில் விட்டதை இன்னொன்றில் ஏற்றிப் பிடிக்க வழியே இல்லை. ஆகவே குறைக்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு பாகங்களில் மட்டும். கதவுக் கைப்பிடியையும் சென்சாரையும் எம்ஆர்பியிலேயே விட்டுவிடலாம். அதை யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தப் பன்னிரண்டு எவை என்பதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. கடந்த 12 மாத ஜாப் கார்டுகளில் (ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலை, போட்ட பாகம் எழுதிய சீட்டு) வாடிக்கையாளரே பணம் கட்டிய பாகங்களை மட்டும் பிரித்தெடுங்கள். வாரன்டியும் இன்சூரன்ஸும் இதில் சேராது. அங்கே பணம் கட்டுபவர் வேறு, குறைத்த விலை அந்தப் பில்களுக்குள் தவறுதலாகப் புகுந்துவிடவும் கூடாது. பிறகு ரூபாய் மதிப்பை வைத்து அல்ல, எத்தனை முறை பில்லில் வந்தது என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். பட்டியலின் தலையில் வருபவையே வாடிக்கையாளர் ஒப்பிடும் பாகங்கள்.

கணக்கில் நடக்கும் கோளாறு

எம்ஆர்பியில் ஜிஎஸ்டி அடக்கம், கொள்முதல் விலையில் அடக்கமில்லை. இரண்டையும் நேராகக் கழித்துப் பார்ப்பவருக்கு லாபம் ஊதித் தெரியும். உதாரணத்துக்கு ஒரு பிரேக் பேட் செட் எம்ஆர்பி ரூ.2,360 என்று வைத்துக்கொள்வோம். 18% வரியை எடுத்தால் 2,000. கொள்முதல் வரியில்லாமல் 1,600. லாபம் 400, அதாவது 20%. 760 அல்ல.

இதில் 10% தள்ளுபடி கொடுத்தால் விற்பனை விலை 2,124, வரி போக 1,800, லாபம் 200. பத்து சதவீதம் என்று வாயால் சொன்னது லாபத்தில் பாதியைத் தின்றுவிட்டது. மாதம் 30 செட் விற்றவர் அதே லாபத்துக்கு 60 விற்க வேண்டும். இந்த இடத்தில் பல ஸ்பேர்ஸ் மேனேஜர்கள் பயந்து தள்ளுபடியையே நிறுத்திவிடுவார்கள். அதுவும் தப்பு. பேட் தனியாக ஓடிப்போய் வண்டியில் உட்காராது. அதோடு லேபரும் வருகிறது. ஒரு வேலைக்கு லேபரில் ரூ.400 மிஞ்சுகிறது என்றால், முன்பு வண்டிக்கு 800, இப்போது 600. அப்போது 30க்குப் பதில் 40 வண்டி வந்தாலே பழைய வரவு வந்துவிடும். ஸ்பேர்ஸ் கணக்கும் லேபர் கணக்கும் வெவ்வேறு மேனேஜர்களின் டார்கெட்டாக இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கூட்டல் யார் கண்ணிலும் படுவதில்லை.

எதோடு எதை ஒப்பிடுகிறோம்

வெளியில் விலை விசாரிக்கும்போது "ஃபில்டர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் பதில் உதவாது. "மாட்டிக்கொடுத்து, ஜிஎஸ்டியோட மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்கிறார். பக்கத்தில் உள்ள ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப், ஒரு ஸ்பேர்ஸ் கடை, ஓர் ஆன்லைன் தளம் என மூன்று இடத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும்.

ஆயிலில் கிரேடு, சிந்தெட்டிக்கா மினரலா, எத்தனை லிட்டர் என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 0டபிள்யூ-16 சிந்தெட்டிக்கை வெளியில் ஊற்றும் 20டபிள்யூ-40 மினரலோடு வைத்து "நாம்தான் விலை அதிகம்" என்று முடிவுகட்டி விலையை வெட்டுவது வீண் நஷ்டம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பேரலிலிருந்து 3.1 லிட்டர் ஊற்றிவிட்டு 3.5 லிட்டருக்குப் பில் போடுவது. மேனுவலில் அளவு அச்சிட்டிருக்கிறது, படிப்பவர்கள் படிக்கிறார்கள்.

பேட்டரியில் கடைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்ட பிறகான விலை. நீங்கள் பழையதைக் கழிக்காமல் விலை சொன்னால், உண்மையில் மலிவாக இருந்தாலும் விலை கூடியதாகத்தான் தெரியும். வாரன்டியையும் பிரித்துச் சொல்லுங்கள்: மொத்த மாதங்களில் எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் ஓடிய காலத்துக்கு ஏற்ற கழிவு மட்டும் என்று.

எஸ்டிமேட்டில் கெடுப்பது

ஃபில்டரில் ரூ.60 குறைத்துவிட்டு 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற பெயரில் ரூ.250 சேர்த்தால் வாடிக்கையாளர் நினைவில் நிற்பது அந்த 250தான். டிரெயின் போல்ட் வாஷர், பிரேக் கிளீனர், கிரீஸ் எல்லாவற்றையும் வேலையின் விலைக்குள் அடக்கி 'முன்சக்கர பிரேக் பேட், மாட்டிக்கொடுத்து, வரியுடன்' என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். பில்லில் பாகம், லேபர், தள்ளுபடி தனித்தனி வரிசையில் வரட்டும். பில்லிலேயே காட்டிய தள்ளுபடி போக மிச்சத்துக்குத்தான் ஜிஎஸ்டி.

ஃப்ரீ சர்வீஸில் பொதுவாக லேபர் மட்டுமே ஃப்ரீ, ஆயிலுக்குக் காசு உண்டு என்பதை வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும். டெலிவரி கவுண்டரில் தெரியவந்தால் 'இவர்கள் விலை அதிகம்' என்ற எண்ணம் அன்றைக்கே பதிந்துவிடும்.

தள்ளுபடியை வாடிக்கையாளரிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர் விருப்பத்துக்கு விடுவது இன்னொரு ஓட்டை. பேரம் பேசுபவருக்கு 12%, பேசாதவருக்கு முழு விலை என்று ஆகும். பிறகு இருவரும் ஒரே அபார்ட்மென்ட்டில் சந்திப்பார்கள். குறைத்த விலையைப் பார்ட் நம்பர் வாரியாக பில்லிங் சிஸ்டத்திலேயே ஏற்றிவிடுங்கள். பிறகு வெளியிலிருந்து நீங்களே போன் செய்து விலை கேட்டுப் பாருங்கள். போனில் இன்னமும் எம்ஆர்பியைச் சொல்கிறார்கள் என்றால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

பழைய ஸ்டாக்கையும் ஒரு முறை புரட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18% என்ற ஒரே வரி. அதற்கு முன் பலவற்றுக்கு 28%. 28% காலத்தில் ரூ.1,280 என்று அச்சான பெட்டி இன்று ரூ.1,180க்கு வர வேண்டும். ரேக்கில் பழைய பெட்டி, பக்கத்துக் கடையில் புதிய விலை என்றால் தள்ளுபடி கொடுத்த பிறகும் நீங்கள்தான் விலை கூடியவர்.