நீலகிரிக்கு எந்த மேப்? செயலிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 16 கி.மீ.தான். சாலையில் போனால் ஏறக்குறைய இருமடங்கு. அதற்குள் ஏற வேண்டிய உயரம் 1,500 மீட்டர். முதல் இரண்டு எண்களை எந்த மேப் செயலியும் காட்டிவிடும். மூன்றாவதைப் பெரும்பாலானவை காட்டுவதில்லை. மலையில் பயணத்தின் நேரம், வண்டியின் பிரேக், நடப்பவரின் மூச்சு எல்லாம் அந்த மூன்றாவது எண்ணைத்தான் பொறுத்திருக்கின்றன.

அதனால் நீலகிரிக்காகச் செயலிகளை ஒப்பிடும்போது எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பதால் பயனில்லை. சிக்னல் போன பிறகு எது மிச்சமிருக்கும், உயரத்தை எப்படிக் காட்டும், அது கோடு போட்ட சாலை எல்லோருக்கும் திறந்த சாலைதானா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே செயலியில் நல்ல பதில் கிடைக்காது. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: போக்குவரத்தும் கடைகளும் தெரிய கூகுள் மேப்ஸ், நிலத்தைப் படிக்க, தன்னார்வலர்கள் சேர்ந்து தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்ம்அண்ட். சொந்த வண்டி ஓட்டுபவர்கள் மூன்றாவதாக மேப்பிள்ஸ் செயலியையும் வைத்துக்கொள்ளலாம். மேப்மைஇந்தியா நிறுவனத்துடைய அந்தச் செயலி வேகத்தடை, கூர்வளைவு போன்றவற்றை முன்கூட்டியே எச்சரிக்கும். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புதியவருக்கு அது நல்ல துணை.

ஏறுவதற்கு முன்பே இறக்கி வைக்க வேண்டியவை

கல்லாறு தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மேப்பைக் கீழேயே, வைஃபை இருக்கும் இடத்திலேயே, இறக்கிவிடுங்கள்.

கூகுள் மேப்ஸில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப் பகுதிக்குப் போய், சொந்தமாகப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் திறந்தால் மேப்பின் மேல் ஒரு செவ்வகச் சட்டம் வரும். பலர் அதை ஊட்டியின் மேல் மட்டும் வைத்துவிடுவார்கள். வழி கணக்கிடப் புறப்படும் இடமும் சேரும் இடமும் இரண்டுமே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கிழக்கே மேட்டுப்பாளையம், காரமடை, வடக்கே குண்டல்பேட்டை, மேற்கே சுல்தான் பத்தேரி, தெற்கே நிலம்பூர் வரை சட்டத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள். கூடலூரில் ஒரு திருப்பம் தவறினாலே கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போய்விடுவோம் என்பதால் அந்தப் பக்கங்களும் தேவை.

ஆஃப்லைனில் கூகுள் எதையெல்லாம் இழக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டிக்கான வழி மட்டுமே கிடைக்கும். நடைவழி, சைக்கிள் வழி, பேருந்து விவரம் கிடைக்காது. நெரிசல் நிறங்களும் மாற்று வழிகளும் வராது. சாட்டிலைட் படமும் நிலத்தோற்ற அடுக்கும் இறங்குவதில்லை. இறக்கிய மேப்புக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பழைய மேப் இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பாமல், புறப்படும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

ஆர்கானிக் மேப்ஸில் மாநிலம் மாநிலமாக இறக்க வேண்டும். தமிழ்நாட்டை மட்டும் இறக்கினால் எல்லையில் வழி அறுந்துவிடும். கர்நாடகம், கேரளம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரக்கோடுகள், நடைவழி உட்பட முழு மேப்பும் சிக்னல் இல்லாமல் ஓடும். நெரிசலும் சாட்டிலைட் படமும் இதில் கிடையாது. ஆஸ்ம்அண்டில் வசதிகள் இன்னும் அதிகம். ஆனால் இலவசப் பதிப்பில் இறக்கும் மேப்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. உயரக்கோட்டுக்கும் மலைநிழலுக்கும் கட்டணம் கேட்கும். முதன்முறை வருபவருக்கு ஆர்கானிக் மேப்ஸே போதும்.

இறக்கியபின் ஒரு சோதனை செய்யுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, இரண்டு செயலிகளிலும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வழி கேளுங்கள். வழி வராத செயலியை மலையில் நம்ப முடியாது. ஃப்ளைட் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்பது மட்டும்தான். நெட் இல்லாதபோது முதல்முறை இடத்தைப் பிடிக்கத்தான் நேரமாகும். ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல், வானம் தெரியும் இடத்தில் போனை அசையாமல் வைத்திருந்தால் பிடித்துவிடும்.

உயரத்தைத் திரையில் படிப்பது

மேப் செயலிகள் உயரத்தைக் காட்டும் முறைகள் இரண்டு. ஒன்று மலைநிழல்: சரிவுகளுக்குச் சாம்பல் நிழல் பூசி மேடு பள்ளமாகக் காட்டுவது. கூகுளின் நிலத்தோற்ற அடுக்கின் பலம் இதுதான். தொட்டபெட்டாவிலிருந்து முகடு எந்தப் பக்கம் இறங்குகிறது, கேத்திப் பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்பதை ஒரே பார்வையில் புரியவைக்கும். ஆனால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. அளப்பதற்கு இரண்டாவது முறை வேண்டும், அதாவது உயரக்கோடுகள்.

ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பது உயரக்கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். இத்தோடு நின்றுவிடாமல் கணக்கும் போடலாம். அடுத்தடுத்த கோடுகளில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்து இடைவெளி எத்தனை மீட்டர் என்று கண்டுபிடியுங்கள். பெரிதாக்கும்போது இடைவெளி மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இடைவெளி 20 மீட்டர் என்றும், நீங்கள் போகும் பாதை அப்படி ஐந்து இடைவெளிகளைக் கடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றம் 100 மீட்டர். திரையின் அளவுகோலால் பாதையின் நீளம் 400 மீட்டர் என்று வந்தால் சரிவு 25 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள்: மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையின் சராசரி ஏற்றம் சுமார் 4.5 சதவீதம். கல்லாறு குன்னூர் இடையே பல்சக்கரத்தில் ஏறும் மலை ரயில் பாதையின் அதிகபட்சச் சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். உங்கள் கணக்கில் 15 சதவீதத்துக்கு மேல் வரும் சிமென்ட் சாலையில், ஆள் நிறைந்த சிறிய காரை ஏற்றுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

ஓடைகளையும் இந்தக் கோடுகளே காட்டிக்கொடுக்கும். கோடுகள் மடங்கும் முனை மேட்டுப் பக்கம் குத்தி நின்றால் அது ஓடைப் பள்ளம். இறக்கத்தின் பக்கம் குத்தினால் முகடு. ஒற்றையடிப் பாதை அப்படிப்பட்ட பள்ளங்களை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜூன் முதல் மேற்குச் சரிவுகளிலும், அக்டோபர் முதல் கிழக்குச் சரிவுகளிலும் அத்தனை இடத்திலும் தண்ணீர் ஓடலாம். நடைக்கோ சைக்கிளுக்கோ வழி கேட்டால் ஆர்கானிக் மேப்ஸ் மொத்த ஏற்ற இறக்கத்தையும் ஒரு வரைபடமாகக் கீழே காட்டும். கார் வழிக்கு அது வராது. கார் சாலைக்கு வேண்டுமென்றால் அதே இரண்டு ஊர்களுக்கு சைக்கிள் வழி கேட்டு, அதே சாலையில்தான் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோடுகளுக்கும் எல்லை உண்டு. இலவசச் செயலிகளின் உயரத் தரவுக்குப் பெரும்பாலும் அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த அளவீடு. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சுமார் 30 மீட்டர். 10 மீட்டர் அகலப் பாறை விளிம்பு அந்தச் சல்லடையில் விழுந்துவிடும். அடர்ந்த சோலையில் ரேடார் அளப்பது மரத்தலையை ஒட்டிய உயரத்தை, தரையை அல்ல. அதன்பின் நடந்த மண்சரிவோ வெட்டிய சாலையோ அதில் இல்லை. கோடு சாந்தமாக இருக்கிறது என்று நம்பி, காட்சிமுனைகளில் கம்பிவேலிக்கு அப்பால் காலை வைக்கவே கூடாது.

உயரம் ஏன் 90 மீட்டர் குறைகிறது?

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே நின்று சில செயலிகளைத் திறந்தால் 2,150 என்று காட்டும். போன் கெட்டுவிடவில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமியின் வடிவத்துக்காக வகுத்த ஒரு கணித முட்டையின் மேற்பரப்பிலிருந்து. நாம் சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து. தென்னிந்தியாவில் ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு என்பதால் கடல்மட்டம் அந்தக் கணித மேற்பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. வித்தியாசத்தைத் திருத்தும் செயலி சரியான எண்ணைக் காட்டும். திருத்தாதது அவ்வளவையும் குறைத்துக் காட்டும். ஆஸ்ம்அண்டில் இந்தத் திருத்தத்துக்குத் தனிக் கோப்பு இறக்கலாம்.

உங்கள் செயலி எந்த ரகம் என்று அறிய ஒரு வழி உண்டு. மலை ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். குன்னூரிலோ உதகையிலோ பலகை அருகே நின்று ஒப்பிடுங்கள். 10, 20 மீட்டர் முன்பின் இருப்பது சகஜம். ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை எப்போதும் கிடைமட்டப் பிழையைவிட அதிகம். 90-ஐ ஒட்டி வந்தால் காரணம் மேலே சொன்னதுதான்.

சாட்டிலைட் படத்தில் கண் ஏமாறும் இடம்

சாட்டிலைட் படத்தில் பள்ளத்தாக்கு மேடாகவும் முகடு பள்ளமாகவும் தெரிவது நீலகிரியில் அடிக்கடி நடக்கும். இந்தப் படங்கள் பெரும்பாலும் காலை 10 மணியை ஒட்டி எடுக்கப்படுபவை. குளிர்காலத்தில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கே இருக்கும். நிழல் வடமேற்கே, திரையின் மேற்பக்கம் விழும். நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு விரலால் மேப்பை அரைவட்டம் திருப்பி, தெற்கு மேலே வரும்படி பாருங்கள். மேடும் பள்ளமும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். மலைநிழல் அடுக்கில் இந்தச் சிக்கல் வராது. அதை வரைபவர்கள் வெளிச்சம் வடமேற்கிலிருந்து வருவதாக வைத்தே வரைகிறார்கள்.

பச்சையையும் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். தேயிலை, சீவிவிட்டதுபோல் வழுவழுப்பான வெளிர்பச்சை. நடுவே மெல்லிய கோடுகள் ஓடும். அவற்றில் பல கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடங்கள், வண்டிச் சாலைகள் அல்ல. சோலை, மலை மடிப்புகளில் திட்டுத் திட்டாக, கரும்பச்சையாக, முண்டும் முடிச்சுமாகத் தெரியும்.

வழி சொல்லும்போது எங்கே தவறும்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால் தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக ஏறக்குறைய 30 கி.மீ. என்று வரும். கூடலூர், தெப்பக்காடு வழி 70 கி.மீ.க்கு மேல். எந்தக் கணினியும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறிச் செயலிழந்து உயிர்கள் போயிருக்கின்றன; வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் காவல்துறை கட்டுப்பாடு விதித்திருக்கிறது. செயலி என்ன சொன்னாலும் தலைகுந்தாவில் நிற்கும் காவலர் சொல்வதே முடிவு. கூகுளில் இடையே ஒரு நிறுத்தமாகக் கூடலூரைச் சேர்த்துவிட்டால் குரல் உங்களைக் கல்லட்டிப் பக்கம் திருப்பாது.

செயலிகளை நம்பி விடக்கூடாத வேறு சிலவும் உண்டு. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். அன்றைய அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

நெரிசல் நிறத்தையும் இங்கே வேறு மாதிரி படிக்க வேண்டும். சாலையில் நகரும் போன்கள் அனுப்பும் வேகத்திலிருந்து வருவது அந்த நிறம். சிக்னல் இல்லாத துண்டுகளில் தகவலே வராது. நிறமில்லாத சாலையைக் காலியான சாலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஸ்டேட் சாலைகள் பெரிய தொல்லை. தேயிலைத் தோட்டத்துத் தனியார் சாலை திரையில் ஊராட்சிச் சாலை போலவே தெரியும். பாதி தூரம் இறங்கியபின் பூட்டிய கேட் நிற்கும், வண்டி திருப்ப இடம் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் தனியார் சாலை, கேட் ஆகியவற்றைக் குறிக்கும் வழக்கம் இருப்பதால் சந்தேகமான சாலையை ஆர்கானிக் மேப்ஸில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு செயலிகளும் ஒரு குறுக்கு வழியை ஒப்புக்கொள்ளாவிட்டால் பெரிய சாலையிலேயே போங்கள்.

இடத்தைச் சொல்வது

ஹட்டி என்று முடியும் ஊர்கள் பல உள்ள மாவட்டம் இது. ஒரே பெயர் பல இடத்தில் வரும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொன்று. தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடி, இரண்டும் ஒரே புள்ளியில் விழுகிறதா என்று பாருங்கள். யாருக்காவது இடத்தை அனுப்பும்போது பெயரை விட்டுவிட்டு, மேப்பை அழுத்திப் பிடித்து வரும் எண்களை அனுப்புங்கள். புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடும். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் போகலாம்.

எண்களை வாயால் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். ஊட்டி 11.41 வடக்கு. அதைக் கேட்டவர் 11 டிகிரி 41 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் புள்ளி வடக்கே 30 கி.மீ. தள்ளி, கர்நாடக எல்லைக்குள் காட்டில் போய் விழும். ‘பதினொன்று புள்ளி நான்கு ஒன்று’ என்று புள்ளியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 108-க்கோ 112-க்கோ பேசும்போது அருகிலுள்ள எஸ்டேட் பெயரும் கடைசியாகத் தாண்டிய வளைவின் எண்ணும் கூடவே சொன்னால் நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் எண் பலகை உண்டு.

பூட்டிய கேட்டையோ அறுந்த பாதையையோ கண்டால் அங்கேயே குறித்துவிடுங்கள். அடுத்து வரும் ஒரு வண்டி இருட்டில் அங்கே மாட்டாமல் இருக்க அதுவே வழி. கூகுளில் சாலையைத் தொட்டுத் திருத்தம் பரிந்துரைக்கலாம். சரிபார்த்த பிறகே அது ஏறும். ஆர்கானிக் மேப்ஸில் இலவச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு இருந்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் கடை, கோயில், குடிநீர்க் குழாய் போன்ற புள்ளிகளைச் சேர்த்து வைக்கலாம். நெட் வந்ததும் போய்ச் சேரும். சாலையின் கோட்டையே மாற்ற வேண்டுமானால் அதில் முடியாது. ஒரு குறிப்பு எழுதிவிட்டால் கணினியில் தொகுப்பவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். நீங்கள் செய்த திருத்தம் உங்கள் போனிலேயே முழுதாகத் தெரிய, செயலி அடுத்து வெளியிடும் மேப்பை மறுபடி இறக்க வேண்டும்.