பழைய காரு ஹைவேல கத்தாம ஓட எந்த ஆக்சில் ரேஷியோ போடலாம்

100ல போறப்ப இன்ஜின் கதறுதுன்னா முதல்ல இப்ப உள்ள ஆக்சில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்ங்கறது, என்னன்னு பாருங்க. சாதா டிஃபரென்ஷியல்னா (ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள கியர் பெட்டி) முன் சக்கரத்துக்கு கட்டை வெச்சு, ஒரே ஒரு பின் சக்கரத்த ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு குடுத்து, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க விட்டுட்டு சக்கரத்த கையால சரியா 2 சுத்து சுத்துங்க, கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி வர்ற ஷாஃப்ட்ல சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தன சுத்துதுன்னு எண்ணுங்க, நாலு சுத்து தாண்டி இன்னும் கொஞ்சூண்டு போனா 4.11ஆ இருக்கலாம்.

26 இன்ச் உயர டயர் 100 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு சுமார் 803 தடவ சுத்தும். டாப் கியர் 1க்கு 1னா (இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்துனா) ரேஷியோவால பெருக்கிக்கங்க, இன்ஜின் சுத்து வந்துடும், 4.11க்கு 3300, 3.55க்கு 2850, 3.08க்கு 2470 ஆர்பிஎம்.

உடனே 3.08க்கு தாவாதீங்க ப்ளீஸ். சின்ன இன்ஜின் அவ்ளோ கீழ இழுக்காது, லேசான மேட்டுலயே கியர் குறைக்கணும், கிளம்புறப்ப கிளட்ச் வேற தேயும், அதனால நடுவுல உள்ள 3.55தான் என் சாய்ஸ். 0.7 ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் (டாப் கியர்ல ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்த இன்ஜின் 0.7 சுத்துனா போதும்) கிடைச்சா இன்னும் நல்லது, 4.11 அப்படியே இருக்கட்டும், 2300தான் வரும், கிளம்புற இழுவையும் போகாது.

ரேஷியோவ மாத்துனா டிஃபரென்ஷியல் உள்ள இருக்கற கிரவுன் பினியன் கியர ஜோடியாவே மாத்துங்க, பேக்லாஷ் (பல்லுக்கு நடுவுல உள்ள இடைவெளி) அளந்து செட் பண்ணலன்னா ஊளையிடும். கியர்பாக்ஸ்ல இருந்து ஓடுற ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்த விட கம்மியா காட்டும், அதோட கியரையும் மாத்திடுங்க.